தேசிய நாளிதழில் நம் ஊர்: நேரில் பட்ட அனுபவங்கள்

திருப்பூர், பனியன் ஜாப் ஒர்க்:

2023 மார்ச் முதல் வாரம். இரவு எட்டு மணி இருக்கும். ஓவர்லாக் மிஷினில் இருந்த பீகார் பையன் எழுந்து வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். ஓர் இந்தி நாளிதழின் பக்கத்தைப் படம் எடுத்து அவன் அண்ணன் ஊரிலிருந்து அனுப்பியிருந்தார். எனக்கு இந்தி எழுத்து தெரியாது. அவனே வரிவரியாகப் படித்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்களாம். சொல்லும்போது அவன் விரல் நடுங்கியது. "அம்மா அழுகிறார்கள் முதலாளி" என்றான். இரண்டு வருடமாக என் யூனிட் மாடியிலேயே தங்கி, என் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடும் பையன்.

அந்தச் செய்தி பொய், அதோடு போனில் பரவிய வீடியோக்களுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று காவல்துறை சொன்னது. மாவட்ட நிர்வாகம் இந்தியில் பேசித் தைரியம் கொடுத்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் விசாரித்தது. அதற்குள் என்னிடம் ஏழு பேர் கணக்கு முடித்துக் கிளம்பிவிட்டார்கள். மார்ச் 8 ஹோலி. எப்படியும் பாதிப் பேர் ஊருக்குப் போகிற நேரம்தான். ஆனால் ரயில் நிலையக் கூட்டம் முழுவதையும் உயிருக்குப் பயந்து ஓடுகிற கூட்டமாகவே வெளியில் பார்த்தார்கள்.

அந்த வாரம் டெல்லியிலிருந்து ஓர் ஆங்கில நாளிதழின் நிருபர் போனில் அழைத்தார். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்: உங்கள் தொழிலாளர்கள் பயப்படுகிறார்களா? "பயப்படுகிறார்கள். அந்தப் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள்" என்றேன். இரவு ஷிப்டுக்கு நேரில் வந்து பாருங்கள், நீங்களே அவர்களிடம் பேசுங்கள் என்றும் கூப்பிட்டேன். அச்சில் வந்தது: தொழிலாளர்கள் பயத்தில் இருப்பதாக யூனிட் உரிமையாளர் ஒருவர் கூறினார். அவ்வளவுதான். நான் சொன்னதில் முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

பேராவூரணி, தென்னை விவசாயம்:

திருப்பூர் அண்ணன் சொன்னது தவறாக எழுதிய கதை. எங்களுடையது எழுதாமலே விட்ட கதை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தது. விடிந்து தோப்புக்குப் போனால் நடக்க வழியில்லை. மரத்தின் மேல் மரம் கிடந்தது. தாத்தா வைத்த மரங்கள். நட்ட தென்னை காய்ப்புக்கு வரவே ஐந்தாறு வருடம் ஆகும் என்பது தென்னை வைத்தவர்களுக்குத் தெரியும்.

டெல்லியில் இருக்கும் மைத்துனரிடம் சொன்னபோது, "அவ்வளவு மோசமா? இங்கே பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாகத்தானே போட்டிருந்தார்கள்" என்றார். அதே நாளிதழின் தமிழ்நாட்டுப் பதிப்பில் முதல் பக்கம் முழுக்க எங்கள் ஊர்தான்! பட்டுக்கோட்டை போய் வாங்கிவந்த அந்தப் பேப்பரை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரே பெயர், ஒரே நாள், இரண்டு வேறு பேப்பர். டெல்லியில் இருப்பவர்கள் படிப்பது டெல்லிப் பதிப்பைத்தானே.

ஈரோடு, முன்னாள் மாவட்ட நிருபர்:

இருவர் சொன்னதும் உண்மை. மறுபக்கம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். மாவட்டத்திலிருந்து போகும் செய்தி முதலில் சென்னை டெஸ்குக்கு, அதாவது எதைப் போடுவது என்று முடிவு செய்து திருத்தும் ஆசிரியர் குழுவுக்குப் போகும். அங்கே தேறினால்தான் டெல்லி. கூட்டணி, சாதிக் கணக்கு, கட்சி தொடங்கும் நடிகர் என்றால் நள்ளிரவிலும் போன் வரும். தொழில் என்றால் ஏற்றுமதி எத்தனை கோடி, நஷ்டம் எத்தனை கோடி, அதோடு சரி.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்னது. நான் அந்த ஆலைகளின் கழிவு வந்து சேர்ந்த நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் போனேன். சாயக்கழிவு தேங்கிக் கிணற்று நீர் கெட்டுப்போன விவசாயிகளிடம் ஒரு நாள் முழுக்கப் பேசினேன். திருப்பூரில் வேலை போன சாயப்பட்டறைத் தொழிலாளர்களிடம் இன்னொரு நாள். இரண்டு தரப்பும் தவித்ததை அறுநூறு வார்த்தையில் எழுதி அனுப்பினேன். ஏற்றுமதி இழப்பைச் சொன்ன நான்கு வரி மட்டும் வந்தது. டெஸ்கில் இருந்தவர் கெட்ட மனிதர் இல்லை. நொய்யல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளச் சொல்லி அவரை யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

திருப்பூர், பனியன் ஜாப் ஒர்க்:

ஈரோடு ஐயாவுக்கு: அந்த அறுநூறு வார்த்தையின் கையெழுத்துப் பிரதி இருக்கிறதா? அப்போது எங்கள் துணியும் சாயத்துக்கு வழியில்லாமல் மாதக்கணக்கில் முடங்கியது. அணைக்குக் கீழே இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று எங்களில் பலர் இதுவரை கேட்டதில்லை. இருந்தால் இங்கே பதியுங்கள். முழுதாகப் பதியுங்கள்.