யன்னலோரம் அம்மாவின் கதிரை

குழு: கொக்குவில் வீட்டுப் பிள்ளைகள்
(அக்கா, தம்பி, லண்டன் மாமா, நான்)

சனிக்கிழமை

நான், மாலை 5:20
அக்கா, வேலை முடிந்ததும் இதைப் பாருங்கள். மத்தியானம் படுத்த அம்மா இன்னும் எழும்பவில்லை. இங்கே டொரொன்டோ ஸ்காபரோவில் நாலே முக்காலுக்கே இருட்டிவிட்டது. எழுப்பினேன், "விடிந்துவிட்டதா பிள்ளை?" என்று கேட்டார். நெஞ்சு பதறிவிட்டது.

அக்கா, மாலை 5:34
காய்ச்சல் இருக்கிறதா? சீனி பார்த்தாயா? நாள், கிழமை கேட்டால் சரியாகச் சொல்கிறாரா?

நான், மாலை 5:37
இரத்தத்தில் சீனி 7.2 mmol/L. காய்ச்சல் இல்லை. நாள், கிழமை எல்லாம் சரியாகச் சொன்னார். ஆனால் மூன்று கிழமையாகக் குசினிப் பக்கமே வரவில்லை. நேற்றுச் சம்பலுக்கு உப்புக் காணாது, எனக்கே தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

தம்பி, மாலை 5:45
கோடையில் ஐந்தரைக்கே எழும்பிப் பின்வளவுக் கத்தரிக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டவர். போன வருடமும் இதேதான், சின்னக்கா. நவம்பரில் குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய பிறகு படுக்கத் தொடங்கினார், மார்ச்சில் தானாகவே எழும்பினார். வயதாகிறது என்று விட்டுவிட்டோம்.

அக்கா, மாலை 6:02
தம்பி சொன்னது முக்கியம். ஒவ்வொரு குளிர்காலமும் வந்து, வெயிலோடு போகிற மனச்சோர்வு ஒன்று இருக்கிறது. 1984இல் நோர்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் கூட வேலை செய்தவர்களும் அதை எழுதி, பருவகால மனச்சோர்வு என்று பெயரும் வைத்தார்கள். அவர் தென்னாபிரிக்காவிலிருந்து நியூயோர்க் போனவர். வெயில் நாட்டிலிருந்து வந்த மனிதர், குளிர்காலத்தில் தான் சோர்ந்துபோவதைக் கவனித்திருக்கிறார். எங்கள் அம்மாவும் அப்படி வந்தவர்தானே. யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் 11 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். டொரொன்டோவில் டிசம்பர் 21ஆம் தேதி 9 மணி நேரம்கூட இல்லை.

ஆனால் நாங்களாகவே முடிவுகட்டக் கூடாது. திங்கள் காலை முதல் வேலையாகக் குடும்ப மருத்துவருக்கு அழை. தைராய்டு, இரத்தச்சோகை, விட்டமின் பி12 மூன்றையும் பார்க்கச் சொல். அம்மா எடுக்கும் நீரிழிவு மாத்திரை மெட்ஃபோர்மினை நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம்.

தம்பி, மாலை 6:10
வெளிச்சச் சிகிச்சைக்கு விளக்கு விற்கிறார்களே, 10,000 லக்ஸ் வெளிச்ச அளவில். இன்றே வாங்கி அனுப்பவா?

அக்கா, மாலை 6:15
பொறு. நல்ல விளக்குத்தான். காலையில் எழும்பியவுடன் 20, 30 நிமிடம் பக்கத்தில் வைத்திருப்பார்கள். ஆனால் அம்மாவின் கண்ணில் நீரிழிவுப் பாதிப்பு தொடங்கியிருக்கிறது. கண் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.
தங்கச்சி, பகலில் அம்மா எங்கே உட்காருகிறார்? ஒரு படம் அனுப்பு.

நான், மாலை 6:21
[படம்] இதுதான். தொலைக்காட்சிக்கு எதிரே, படிக்குப் பக்கத்து மூலை. சூடு போய்விடும் என்று திரையும் இழுத்தபடி.

அக்கா, மாலை 6:24
கறிவேப்பிலைச் சட்டிகளை உள்ளே எடுத்தாயே, அவை எங்கே?

நான், மாலை 6:25
பின்பக்கக் கண்ணாடிக் கதவடியில். தெற்கு வெயில் அங்கேதான் விழும்.

நான், மாலை 6:41
அக்கா, படத்தை இப்போது திரும்பப் பார்த்தேன். அக்டோபரில் அந்தச் சட்டிகளுக்காக வீடு முழுக்க நடந்தேன். எந்தக் கதவடியில் வெயில் எத்தனை மணிக்கு விழுகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று இரண்டு நாள் பார்த்துத்தான் வைத்தேன். அம்மாவின் கதிரைக்கு ஒரு நாளும் அப்படிப் பார்க்கவில்லை.

அக்கா, மாலை 6:44
அழாதே. இரவு வேலை பார்க்கும் என் வீட்டிலும் திரை திறந்து எத்தனை நாளோ.

லண்டன் மாமா, இரவு 7:05
இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது, ஆனால் வாசித்துவிட்டு எப்படிப் படுப்பது. 1986இல் நான் வந்த முதல் குளிர்காலம். ஓர் அறையில் நான்கு பேர், எல்லோருக்கும் இரவு வேலை. யன்னலில் போர்வை தொங்கவிட்டிருந்தோம். லண்டனில் டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், எழும்பும்போதே இருட்டு. இரண்டு மாதம் வெயில் காணவில்லை. வீட்டுக்குக் கடிதம் எழுதக்கூடக் கை வரவில்லை. நன்றி கெட்டவன் என்று உங்கள் அம்மா நினைத்திருப்பாள். எனக்கே அது என்னவென்று தெரியாது.
பிள்ளைகளே, கதிரையைத் தூக்குவதற்கு முன் அவளிடமே கேளுங்கள். ஏன் அந்த மூலையில் இருக்கிறாய் என்று கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

நான், காலை 10:50
கேட்டேன். முதலில் "எனக்கு எங்கே இருந்தால் என்ன" என்றார். பிறகு சொன்னார்: "வெளிச்சத்தில் உன் கந்தோர் மேசை கிடக்கிறது. நீ வேலை செய்கிற இடத்தில் நான் இருமிக்கொண்டு இருக்கலாமா?"
மேசையை இப்போதுதான் மேல்மாடி அறைக்கு ஏற்றினோம். எனக்குக் கணினித் திரையும் விசைப்பலகையும் போதும். அந்த இடம் அவருக்கு.

அக்கா, காலை 10:58
நல்லது. கதிரையைக் கண்ணாடியோடு ஒட்ட வைக்காதே, குளிர் இறங்கும். இரண்டு அடி தள்ளி, பக்கவாட்டாக வை. காலுக்குத் தடித்த விரிப்பு. இந்த மாதம் சூரியன் உச்சிக்கு வருவதில்லை, தெற்கே தாழ்ந்துதான் போகும். அதனால் மத்தியான வெயில் அறைக்குள் நீளமாக வரும், திரையைக் காலையிலேயே திறந்துவிடு. மேகம் மூடினாலும் திற. வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ்தான், வெளியே மப்பு நாளிலும் சில ஆயிரம் இருக்கும்.
கண்ணாடிக்குள்ளால் வரும் வெயிலில் விட்டமின் டி கிடைக்காது. 70 கடந்தவர்களுக்கு இங்கே நாளுக்கு 800 அலகு சொல்வார்கள், ஆகவே மாத்திரையை விடக் கூடாது.

தம்பி, காலை 11:06
வெளியில் நடந்தால் இன்னும் நல்லதுதானே. ஏன் போவதில்லை?

நான், காலை 11:15
அதையும் கேட்டேன். வாசலில் பதினொரு சோடிச் சப்பாத்து கிடக்கிறது தம்பி, எண்ணிப் பார்த்தேன். சுவரில் ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட். பனி உருகிய தண்ணீரும் உப்பும் தரையெல்லாம். அம்மா ஒற்றைக் காலில் நின்று பூட்ஸ் போட வேண்டும். விழுந்து இடுப்பு உடைந்தால் எங்களுக்குப் பாரம் என்று அந்தக் கதவுப் பக்கமே போவதில்லையாம். சோம்பல் என்று நினைத்த நான் அவரிடம் எத்தனை முறை முகம் காட்டியிருக்கிறேன்.

லண்டன் மாமா, காலை 11:20
தெரிந்துவிட்டதே பிள்ளை. இனி வாசலை ஒதுக்கு.

நான், மாலை 4:30
ஒதுக்கியாயிற்று. ஆளுக்கு ஒரு சோடிதான் வாசலில், அதுவும் ரப்பர்த் தட்டில். மற்றவை பேஸ்மென்டுக்கு. அம்மாவின் ஜாக்கெட்டுக்குத் தோளுயரத்தில் தனிக் கொளுக்கி, தொப்பியும் கையுறையும் அதன் கீழே கூடையில். உட்கார்ந்து பூட்ஸ் போட ஓர் ஆசனம்தான் இல்லை.

புதன்கிழமை

அக்கா, மதியம் 1:10
இரத்தம் கொடுத்தாரா? எப்படி இருக்கிறார்?

நான், மதியம் 1:32
நேற்றுக் கொடுத்தார், முடிவு வெள்ளிக்கிழமை. மருத்துவர் அம்மாவோடு தனியாகவும் பேசினார். உயிரை வெறுக்கிற எண்ணம் இல்லை என்றார். அப்படி ஏதாவது சொன்னால் நேரம் பார்க்காமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு அழைக்கச் சொன்னார். கண் மருத்துவரிடம் அடுத்த செவ்வாய்.
மாற்றம் பெரிதாக இல்லை அக்கா. நேற்றும் இரண்டு மணிக்குப் படுத்துவிட்டார். இன்று பத்து மணிக்குக் கதிரைக்கு வந்தார். நான் மேலே கூட்டத்தில் இருந்தேன். இறங்கி வந்தால், ஈரத்துணியோடு கறிவேப்பிலையை ஒவ்வோர் இலையாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இலைக்கு அடியில் செதில் பூச்சி. நகத்தால் சுரண்டிக் காட்டினார். "வேரில் தண்ணீர் நிற்கிறது, கண்ணில்லையா உனக்கு? கிழமைக்கு ஒரு தரம் காணும்" என்று நல்ல ஏச்சு.

தம்பி, மதியம் 1:34
ஏசினாரா?

நான், மதியம் 1:35
ஏசினார். குசினி வரை கேட்டது.
தம்பி, சனிக்கிழமை வரும்போது உன் கராஜில் கிடக்கும் அந்தக் கட்டை ஸ்டூலைக் கொண்டு வா. வாசலுக்கு அளவாக இருக்கும்.