"ஒரு நோவும் இல்ல தாயி"

முதியோர் நலம் பற்றிய ஆய்வு ஒன்றுக்காகப் பரமக்குடிப் பக்கம் ஒரு கோடை முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். டேப்லெட்டில் கேள்விகள், பையில் பிரஷர் மிஷின், கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவி.

கருவேல மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் வீடு அது. எழுபதைத் தாண்டிய அப்பத்தா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டே பதில் சொன்னார். வேலை ஏதும் செய்கிறீர்களா? "என்ன வேல, சும்மாதான் இருக்கேன்." பிரஷர், சர்க்கரை இருப்பதாக டாக்டர் யாரும் சொன்னார்களா? "ஒரு நோவும் இல்ல தாயி."

'இல்லை' என்பதைத் தட்டினேன். அப்புறம் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் பிரஷரின் மேல் எண் 186. மூன்று தடவை பார்த்தும் இறங்கவில்லை. டாக்டரைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்றால், கடைக்குட்டி பிறந்தபோதாம்!

பிடி 15 கிலோ. ஆசியப் பெண்களுக்கு 18-க்குக் கீழே என்றால் பலம் குறைவு என்பது 2019-இல் வகுத்த கணக்கு. "பாஸா பெயிலா?" என்றார். சிரித்துச் சமாளித்தேன்.

அதே வாரம் டவுனில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். பிரஷர், சர்க்கரை, தைராய்டு, மூட்டுவலி என்று பைலோடு உட்கார்ந்திருந்தார். பிரஷரை அளந்தால் 128. கேள்வித்தாளை மட்டும் நம்பினால் அவருக்கு நாலு நோய், அப்பத்தாவுக்குப் பூஜ்யம்.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 2002-இல் இதைத்தான் எழுதினார்: ஆயுள் கூடிய கேரளத்தில் நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் அதிகம், பீகாரில் குறைவு. 2017-18-இல் நாடு முழுக்க 72,000 பேருக்கு மேல் சந்தித்த லாசி (LASI) என்ற முதுமை பற்றிய தேசிய ஆய்வில் கேள்வியோடு நிற்காமல் பிரஷரையும் பிடியையும் அளந்ததன் அருமை எனக்கு அந்தத் திண்ணையில்தான் புரிந்தது.

இன்னொரு உறுத்தல். நாங்கள் எடுக்கும் எண்கள் மேலிடத்துக்குப் போய்விடும், ஊருக்குத் திரும்பி வராது. அன்று ஒரு துண்டுச்சீட்டில் 186 என்று எழுதி, "ஆஸ்பத்திரியில் இதைக் காட்டுங்க அப்பத்தா" என்று கொடுத்தேன். சுருக்குப்பையில் வெற்றிலைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

*

ஒரு பின்னூட்டம்: அக்கா, நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர். 2021-இல் திட்டம் வந்த புதிதில் எங்கள் ஊர்ப் பெரியவர்களும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொன்னார்கள். இப்போது மாத்திரை வீட்டுக்கே போகிறது, கேட்டால் "பிரஷர் இருக்கு" என்கிறார்கள். யாராவது இப்போது வந்து கேட்டுவிட்டு, எங்கள் ஊரில் நோய் பெருகிவிட்டது என்று எழுதாமல் இருக்க வேண்டும்!

*

இன்னொரு பின்னூட்டம்: அந்தச் சீட்டை அப்பத்தா காட்டினாரா?

*

என் பதில்: தெரியாது. மறுபடி அந்த ஊருக்கு எங்களை அனுப்பவில்லை.