அன்பு விசுவாசத்தின் கனியா, உயிரா? (கலாத்தியர் 5:6)

மறைக்கல்வி ஆசிரியர்:
கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த நான் சென்ற வாரம் நண்பர் ஒருவரின் தந்தையுடைய அடக்கத்திற்குச் சென்றிருந்தேன். போதகர் தம் பிரசங்கத்தில், "விசுவாசம் மாத்திரமே இரட்சிக்கும், அன்பு அதற்குப் பின்னால் வருவது" என்றார். வீடு திரும்பிய பிறகும் அந்தப் "பின்னால்" என்ற சொல் என்னை விடவில்லை. தலைப்பில் உள்ள பவுலடிகளாரின் வசனம் புராட்டஸ்டன்ட் சபையாரான உங்கள் பழைய மொழிபெயர்ப்பிலேயே "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்றுதானே இருக்கிறது? 1547ஆம் ஆண்டு எங்கள் திருச்சபை ஆயர்களின் பேரவையான திரெந்து பொதுச்சங்கம் மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவராவது பற்றிய தன் படிப்பினையில் இதே வசனத்தைச் சான்றாகக் கொண்டது. எதிர்நோக்கும் அன்பும் சேராவிட்டால் நம்பிக்கை (தாங்கள் விசுவாசம் என்பது) ஒருவரைக் கிறிஸ்துவோடு முழுமையாக இணைப்பதில்லை என்பது அதன் போதனை. பேய்களும் நம்பி நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதியிருக்கும்போது, அன்பில்லாத நம்பிக்கையை மீட்பு தரும் நம்பிக்கை என்று எப்படி அழைப்பது?

பொறையாற்று லுத்தரன்:
ஐயா, பிசாசுகளுக்கு இருப்பது தேவன் உண்டென்கிற அறிவு. எங்கள் சபை மரபைத் தொடங்கிய சீர்திருத்தவாதி லுத்தர் விசுவாசம் என்று சொன்னது அந்த அறிவை அல்ல. தேவன் தனக்குக் கொடுத்த வாக்கைப் பற்றிக்கொண்டு அதன்மேல் சாய்ந்திருப்பதையே அவர் அப்படி அழைத்தார். 1522இல் ரோமர் நிருபத்திற்கு எழுதிய முன்னுரையில், நெருப்பிலிருந்து சூட்டையும் ஒளியையும் பிரிக்க முடியாததைப் போல விசுவாசத்திலிருந்து கிரியைகளைப் பிரிக்க முடியாது என்கிறார். ஆகையால் அன்பில்லாத விசுவாசம் போதும் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. மனச்சாட்சி எதன்மேல் இளைப்பாறலாம் என்பதே எங்கள் கேள்வி.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை. என் தகப்பனார் தம் கடைசி இரண்டு ஆண்டுகளில் எங்கள் ஒருவரையும் அடையாளம் காணவில்லை. சோறு ஊட்டிய என் தாயாரைக் கையால் தள்ளிவிட்டு, வாழ்நாளில் பேசாத கடுஞ்சொற்களையெல்லாம் பேசினார். அவருடைய விசுவாசத்தை முழுமையாக்கும் அன்பை அந்நாட்களில் எந்தத் தராசில் நிறுத்துப் பார்ப்பது? ஞானஸ்நானத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு அவர் மறந்துபோனதால் இல்லாமல் போகவில்லை என்பதைத் தவிர, எங்களுக்குச் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இருக்கவில்லை. பிரசங்கம் செய்த போதகரும் இத்தகைய ஒரு வீட்டாரை மனதில் வைத்துப் பேசியிருக்கக்கூடும்.

மறைக்கல்வி ஆசிரியர்:
தங்கள் தந்தையாரைப் பற்றிப் படித்தபின் வாதத்தைத் தொடரச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தராசை நாங்கள் வைக்கவில்லை. கடவுளின் அன்பு தூய ஆவியாரால் நம் உள்ளங்களில் பொழியப்படுகிறது என்பது உரோமையர் 5:5. பாவமன்னிப்புப் பெறும்போதே நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு மூன்றும் ஒருசேர அருளப்படுகின்றன என்பதே திரெந்தின் போதனை. அன்பும் கொடையே என்றால், அதை என் சாதனைக் கணக்கில் எழுத எனக்கு உரிமையில்லை. தங்கள் தந்தையாருக்கு அருளப்பட்ட கொடையை நோய் பறித்துவிட்டது என்று சொல்லவும் எவருக்கும் உரிமையில்லை. தங்கள் நெருப்பு உவமையும் எனக்கே துணை நிற்கிறது, ஏனெனில் சூடு நெருப்புக்குப் பின்னால் வருவதில்லை. ரோமர் 3:28இல் லுத்தர் தம் ஜெர்மானிய மொழிபெயர்ப்பில் சேர்த்த "மாத்திரம்" கிரேக்க மூலத்தில் இல்லை. "விசுவாசத்தினாலேமாத்திரம்" என்ற தொடர் வேதாகமத்தில் வரும் ஒரே இடம் யாக்கோபு 2:24. அங்கேயோ அதை அடுத்து "அல்ல" என்று இருக்கிறது.

(நான் "நம்பிக்கை" என்று எழுதும் இடத்தில் தாங்கள் "விசுவாசம்" என்று வாசித்துக்கொள்ளுங்கள். தங்கள் வேதாகமத்தில் நம்பிக்கை என்பது எங்கள் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தின் "எதிர்நோக்கு". இந்தச் சொற்குழப்பத்தில் வீணான விவாதங்கள் பலவற்றைக் கண்டிருக்கிறேன்.)

தெற்குத்தெரு:
இருவரும் இதைத் தனி மனிதர் ஒருவரின் நெஞ்சுக்குள் நடக்கும் காரியமாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 1833ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் சபையின் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று ஆணை அனுப்பினார். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் எல்லோரோடும் பருக மனமில்லாத கிறிஸ்தவர்கள் வேப்பேரியிலும் தஞ்சையிலும் கூட்டமாகச் சபையை விட்டு விலகினார்கள். விசுவாசப் பிரமாணம் அவர்களுக்கு மனப்பாடம். இரட்சகர்மேல் சாய்ந்திருந்ததாகவே அவர்களும் சொல்லியிருப்பார்கள்.

அவர்களிடம் இருந்தது விசுவாசமா, இல்லையா? இல்லை என்று லுத்தரன் அண்ணன் சொன்னால், அன்பைக் கொண்டு விசுவாசத்தை நிறுத்துப் பார்க்கும் தராசை அவரே கையில் எடுத்துவிட்டார் என்றாகும். ஆசிரியரின் திரெந்துச் சங்கமோ, அன்பை இழந்தவரிடம் எஞ்சும் விசுவாசம் உயிரற்றதானாலும் உண்மையான விசுவாசமே என்றும், அவர் கிறிஸ்தவர் அல்லர் என்று சொல்பவர் சபிக்கப்பட்டவர் என்றும் விதித்திருக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச் சுவர் எழுப்பியவர்களுக்கு இதைவிட வசதியான விதி எது?

பொறையாற்று லுத்தரன்:
தம்பி, தப்பிக்க வழியில்லாத கேள்வி. விலகியவர்களில் பலர் பிற்பாடு ஜெர்மானிய லுத்தரன் ஊழிய அமைப்பான லைப்சிக் மிஷனை, அதாவது என் சபையின் முன்னோரை, நாடி வந்தார்கள் என்பதையும், அந்த மிஷன் சாதி விஷயத்தில் காட்டிய தாராளம் அக்காலத்திலேயே கண்டிக்கப்பட்டது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் மரபில் ஒரு பகுப்பு உண்டு: கலங்கி நிற்பவனுக்கு வாக்குத்தத்தத்தைச் சொல், சுகமாக உட்கார்ந்திருப்பவனுக்கு நியாயப்பிரமாணத்தை, அதாவது தேவனுடைய கட்டளையை, சொல். என் தகப்பனாரின் படுக்கையருகே சொன்னதைச் சுவர் கட்டியவனிடம் சொன்னால் அது சுவிசேஷமாகாது. அவனுக்கு உரியது 1 யோவான் 4:20: "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" நாங்கள் பல தலைமுறையாக ஆளை மாற்றிப் பிரசங்கித்திருக்கிறோம்.

மறைக்கல்வி ஆசிரியர்:
தெற்குத்தெரு சுட்டிய திரெந்தின் விதி, விழுந்தவர் எழுந்து வர ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. அதை விழுந்த இடத்திலேயே படுத்துக்கிடப்பதற்கான பாயாக விரித்தவர்கள் எங்களிடையே உண்டு, மறுக்க மாட்டேன். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் எங்கள் திருச்சபையும் லுத்தரன் உலக ஐக்கியமும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, அருளினால் மட்டுமே, கிறிஸ்துவின்மேல் வைக்கும் நம்பிக்கையில் நாம் ஏற்கப்படுகிறோம் என்றும், நற்செயல்கள் அதன் கனிகள் என்றும் ஒருமித்துச் சொல்லிவிட்டது. ஆகவே "கனி" என்ற தங்கள் சொல்லோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. "பின்னால்" என்ற சொல்லோடுதான் இன்னமும் இருக்கிறது.

தெற்குத்தெரு:
ஆசிரியர் ஐயா, முதல் பதிவில் சொன்ன அந்த அடக்கம் எந்தக் கல்லறையில் நடந்தது என்று எழுதவில்லையே?

மறைக்கல்வி ஆசிரியர்:
சுவர் உள்ள கல்லறைதான். வாசலில் இரண்டு வழிகள் பிரிந்தன. கூட்டம் திரும்பிய பக்கம் நானும் திரும்பினேன். பிரசங்கத்தை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தேன்.