அம்மாவுக்குக் கெட்டில்: ஒரு லிட்டரா, ஒன்றரை லிட்டரா?

கேள்வி (மடிப்பாக்கம் மகள்):
அம்மாவுக்கு 72 வயது, தனியாக இருக்கிறார். போன வாரம் அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகிவிட்டது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. தானாக அணையும் கெட்டில் வாங்கித் தரப் போகிறேன். அவருக்கு வலது மணிக்கட்டில் வலி, அதனால் வயர் இழுபடாமல், அடியில் இருக்கும் கரண்ட் தட்டிலிருந்து தனியாக எடுக்கிற மாதிரி வேண்டும். கடையில் ஒன்றரை லிட்டர், 1500 வாட்ஸ் மாடலையே காட்டுகிறார்கள். வீட்டில் போர் தண்ணீர், குழாய் வாயெல்லாம் வெள்ளையாக உப்பு. எதைப் பார்த்து வாங்குவது? பாலும் அதிலேயே காய்ச்சலாமா என்று அம்மா கேட்கிறார்.

பதில் (வயரிங் வேலை செய்பவர்):
முதலில் பிளக் பாயிண்டைப் பாருங்கம்மா. 1500 வாட்ஸ் என்றால் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சின்ன 6 ஆம்ப்ஸ் பாயிண்டில் தினமும் போட்டால் சாக்கெட் சூடாகிப் பழுப்பேறும், நானே பல வீட்டில் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். 16 ஆம்ப்ஸ் பெரிய பாயிண்டில் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

பதில் (மூட்டுவலிக்காரி):
ஒரு லிட்டர் வாங்குங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரே ஒன்றரைக் கிலோ, கெட்டிலின் எடை வேறு. கடையிலேயே தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள். கைப்பிடிக்குள் நான்கு விரலும் தாராளமாகப் போக வேண்டும்.

அப்புறம், மூடியை அழுத்தி மூட அம்மாவுக்குப் பழக்குங்கள். கொதிக்கிற ஆவி சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் தகட்டைச் சுட்டால்தான் அது அணையும். மூடி திறந்திருந்தால் ஆவி மேலே போய்விடும், கொதித்துக்கொண்டே இருக்கும்.

உப்புக்கு: அரைக் கெட்டில் தண்ணீரில் ஒரு ஸ்பூன் லெமன் சால்ட் (சிட்ரிக் ஆசிட் தூள்) போட்டுக் கொதிக்கவிட்டு, அரைமணி நேரம் கழித்துக் கொட்டிக் கழுவுங்கள். உங்கள் தண்ணீருக்கு மாதம் இருமுறை தேவைப்படும். பால் வேண்டாம். அடிப்பிடிக்கும், பொங்கித் தட்டில் வழிந்தால் ஆபத்து.

கேள்வி கேட்டவர்:
ஒரு லிட்டரே வாங்கிவிட்டேன். உள்ளே இருக்கும் அளவுக்கோடு அம்மா கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் அவருடைய எவர்சில்வர் டம்ளரில் மூன்று என்று கணக்கு வைத்திருக்கிறோம். 'டக்' சத்தம் கேட்டால் ஹாலிலிருந்தே "அணைஞ்சிடுச்சு" என்கிறார். பால்தான் இன்னும் கேஸ் அடுப்பில்.

பதில் (மூட்டுவலிக்காரி):
அதற்கு விசில் அடிக்கும் பால் குக்கர் வாங்கிக் கொடுங்கள். இரட்டைச் சுவருக்குள் தண்ணீர் ஊற்றி வைப்பது. பொங்காது, சத்தமும் மாடி வரை கேட்கும்.