மாரிக்குப்பம் ரயில் படம்: ரா-வில் எடுப்பதா, புரோரெஸ் போதுமா?

மாரிக்குப்பம் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கோலார் தங்கவயல், இப்போது இருப்பது பெங்களூர் கே.ஆர்.புரத்தில். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிய பிறகு, விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூர் வந்து செக்யூரிட்டி வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புவார். பதினைந்து வருஷம் அப்படியே ஓடியது. இன்றைக்கும் அந்த வண்டியில் நம் ஜனங்கள் வேலைக்கு வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் என் ஆவணப்படம். தென்மேற்கு ரயில்வேயிடம் அனுமதி வாங்கியாயிற்று.

கேமரா பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே, கைமாறி வந்த பழையது. மொத்தம் 40 மணி நேரம் பதிவாகும் என்று நினைக்கிறேன். ரா-வில், அதாவது நிறத்தை முன்கூட்டியே முடிவு செய்யாமல் சென்சார் பிடித்ததை வைக்கும் ஃபைலில், எடுக்க ஆசை. கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர், "ரா எல்லாம் பெரிய கம்பெனிக்கு. நீ புரோரெஸ்ஸில் எடு, இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்க் வாங்கியே அழிந்து போவாய்" என்கிறார். (புரோரெஸ் என்பது நிறத்தைக் கேமராவே முடிவு செய்து பதியும் வீடியோ வடிவம்.) எடிட்டும் நானேதான், காசும் அதிகம் கிடையாது. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

முகூர்த்தக் கேமரா:
தம்பி, உங்கள் நண்பர் சொல்வதைக் கேளுங்கள். ஸ்ரீராமபுரத்தில் 18 வருஷமாகக் கல்யாணம் எடுக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் என்னிடம் வேலை பார்த்த பையன் ஒருவன் இதே கேமராவை வாங்கி வந்தான். ஆசைப்படுகிறானே என்று மணவறைக்கு முன்னால் அவனை நிறுத்தினேன். சொல்லாமல் கொள்ளாமல் ரா-வை 3:1-இல், அதாவது மூன்றில் ஒரு பங்காக மட்டும் சுருக்கும் அளவில், வைத்துவிட்டான். 256 ஜிபி கார்டு. அந்த அளவில் நொடிக்கு 25 பிரேம் என்றால் 38 நிமிஷம்தான் தாங்கும். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல அவன் நிறுத்தாமல் பதிந்துகொண்டே இருந்தான். கெட்டிமேளம் கொட்டுகிறது, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், கேமரா நின்றுவிட்டது. பக்கவாட்டில் நான் வைத்திருந்த சின்ன கேமரா இல்லாமல் போயிருந்தால் பெண் வீட்டாருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

முகூர்த்தம் திரும்ப வராது. உங்கள் ரயிலில் ஒரு பெரியவர் மனம் விட்டுப் பேசும் அந்த நிமிஷமும் திரும்ப வராது. கார்டு எவ்வளவு மிச்சம் என்று திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டே ஒருவரிடம் பேட்டி எடுக்க முடியாது. 10 பிட் புரோரெஸ், வெளிறலாகப் பதியும் ஃபிலிம் மோடில் எடுங்கள். கலர் செய்ய அதிலேயே போதுமான இடம் இருக்கிறது.

கலர்ப்பெட்டி:
அண்ணே, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் அன்றைக்குத் தவறு 3:1-இல் இருந்தது, ரா-வில் இல்லை. நான் தோம்லூரில் ஒரு ஸ்டூடியோவில் கலர் பார்க்கிறேன். இந்த இட விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

கேமரா செய்தவர்களே தரும் பதிவு வேகத்தை 25 பிரேமுக்கு மாற்றினால், புரோரெஸ்ஸின் உயர்ந்த தரமான 422 ஹெச்க்யூ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 354 ஜிபி. சாதா 422 என்றால் 236. அதைவிடச் சின்னதான எல்டி 164. ரா 8:1 எடுத்தால் 153, 12:1 எடுத்தால் 102. அதாவது இந்தக் கேமராவில் "புரோரெஸ் சிக்கனம், ரா ஊதாரி" என்பது உண்மையில்லை. எல்டியைவிட 8:1 சின்னது. தம்பியின் 40 மணி நேரம் 8:1-இல் 6 டிபி சொச்சம், ஹெச்க்யூவில் 14 டிபி. ரா என்றாலே பெரிய ஃபைல் என்ற பயம் சினிமாடிஎன்ஜி என்ற பழைய ரா வடிவத்தின் காலத்தில் வந்தது. அதில் ஒவ்வொரு பிரேமும் தனி ஃபைல், ஒரு மணி நேரத்துக்கு 90,000 ஃபைல்கள். 2019-இல் இந்தக் கேமராவுக்குக் கம்பெனியின் சொந்த வடிவமான பிளாக்மேஜிக் ரா வந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். பயம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

இப்போது அந்த ரயிலை நினைத்துப் பாருங்கள். உள்ளே டியூப்லைட், லேசான பச்சை. வெளியே விடியும் முன் நீலம். பங்காருப்பேட்டை தாண்டும்போது வானம் வெளுக்கும், மாலூர் வரும்போது வெயில் ஒருபக்க ஜன்னலில் ஏறும். ஒரே ஆளின் முகத்தில் அரை மணி நேரத்துக்குள் மூன்று வெளிச்சம். புரோரெஸ்ஸில் ஒயிட் பேலன்ஸ் (எந்த வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) எடுக்கும்போதே ஃபைலில் பதிந்துவிடும். ரா-வில் அது ஒரு குறிப்பு மட்டுமே, டாவின்சி என்ற எடிட்டிங் மென்பொருளில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம்.

முகூர்த்தக் கேமரா:
கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஹெச்க்யூ இவ்வளவு என்று தெரியும், 8:1 எல்டிக்கும் கீழே வரும் என்று யோசித்ததில்லை.

ஆனால் வெளிச்சத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ஒயிட் பேலன்ஸை மாற்றினால் படம் முழுவதும்தானே மாறும்? முகத்தின் இடது கன்னம் பச்சை, வலது கன்னம் நீலம் என்றால் ரா இருந்தாலும் அந்தப் பகுதியை மட்டும் வளைக்கும் மாஸ்க் போட்டுத்தான் பிரிக்க வேண்டும். அந்த வேலை புரோரெஸ்ஸிலும் அதே வேலைதான். அப்புறம் 40 மணி நேரத்தையும் பார்த்து, குறிப்பெடுத்து, வெட்டி ஒட்டப்போவது தம்பி ஒருவர்தான். ஒவ்வொரு ஷாட்டையும் "இன்னும் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம்" என்று உட்கார்ந்தால் படம் எப்போது முடியும்? கலரிலேயே மூழ்கி, வெட்டாமலேயே விட்டுப்போன படங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எலக்ட்ரானிக்ஸ் சிட்டி:
இருவரும் ரா ரா என்கிறீர்கள், பிளாக்மேஜிக் ரா முழு ரா கிடையாது. சென்சார் தருவதை அப்படியே வைக்காமல், அதை வண்ணப் படமாக்கும் டிமொசைக் வேலையில் ஒரு பகுதியைக் கேமராவுக்குள்ளேயே முடித்துவிடுகிறார்கள். கேமராவுக்குள் ரா-வைச் சுருக்கிப் பதிவதற்கு ரெட் என்ற கேமரா கம்பெனியிடம் காப்புரிமை இருக்கிறது. 2019-இல் ஆப்பிள் அதை எதிர்த்துப் பார்த்தது, பலிக்கவில்லை. 2024-இல் நிக்கான் ரெட்டையே வாங்கிவிட்டது. ஆகவே தம்பி, பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கலர்ப்பெட்டி:
எலக்ட்ரானிக்ஸ் சிட்டி சொல்வது சரி. ஆனால் எனக்கு வேண்டியது பெயரில்லை. ஐஎஸ்ஓவும் (வெளிச்ச உணர்திறன்) ஒயிட் பேலன்ஸும் அப்புறம் மாற்றக் கிடைக்கின்றன, புரோரெஸ்ஸின் 10 பிட்டுக்குப் பதில் 12 பிட் நிற நுணுக்கம் இருக்கிறது. என் மேசைக்கு அது போதும்.

முகூர்த்தக் கேமரா அண்ணனுக்கு: ஒரே முகத்தில் இரண்டு வெளிச்சம் இருந்தால் மாஸ்க் வேண்டும், மறுக்கவில்லை. நான் சொல்வது வேறு இடம். ஒரு ஆளைப் பின்தொடர்ந்து பெட்டியிலிருந்து பிளாட்பாரத்துக்கு இறங்குகிறோம். கட் இல்லை. உள்ளே சரியாக வைத்த ஒயிட் பேலன்ஸ் வெளியே வந்ததும் தப்பு. கல்யாண மண்டபத்தில் விளக்கை நீங்கள் வைக்கிறீர்கள், எங்கே என்ன நிறம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ரயிலில் தம்பி எதையும் வைக்க முடியாது.

ரா காப்பாற்றாததையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளையாக எரிந்துபோன வானம் திரும்ப வராது. ஷட்டர் தப்பினால் தப்பியதுதான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே 25 பிரேம், ஷட்டர் 180 டிகிரி. யாராவது 24-இல் எடுக்கச் சொன்னால் 172.8 டிகிரி வையுங்கள், இல்லாவிட்டால் பிளாட்பார விளக்குகள் துடிக்கும். ஐஎஸ்ஓவும் அப்படித்தான். இந்தச் சென்சாருக்கு 400, 3200 என்று இரண்டு அடிப்படை. 1000 வரைக்கும் முதல் படி, 1250-இலிருந்து இரண்டாம் படி. அதனால் இருட்டுப் பெட்டியில் 1000-ஐவிட 1250 சுத்தமாக இருக்கும். ரா-வில் அப்புறம் மாற்றலாம்தான், ஆனால் படி தாண்டி மாற்ற முடியாது.

ஒலிவாங்கி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ரயில் பெட்டியில் கேமரா மைக்கை நம்பாதீர்கள். பேசுபவர் சட்டையில் ஒரு லேப்பல் மைக், தனி ரெக்கார்டர். படம் பச்சையாக இருந்தாலும் ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். ஒரு டிஸ்க்குக்கான காசை இதற்கு ஒதுக்குங்கள்.

முகூர்த்தக் கேமரா:
ஒலிவாங்கி சொன்னதற்கு நூறு சதவீதம் ஆமாம். தம்பி, நாங்கள் பேசிக்கொண்டே இருப்போம். நீங்கள் ஒரு நாள் போய் இரண்டிலும் எடுத்துப் பாருங்கள். முடிவு உங்கள் கண்ணுக்கே தெரியும்.

மாரிக்குப்பம் பையன்:
பத்து நாளாகப் பதில் போடவில்லை, மன்னிக்கவும். அண்ணன் சொன்னபடி எடுத்துப் பார்த்தேன். அப்பாவையே கூட்டிக்கொண்டு போய், அவர் எப்போதும் உட்காரும் இடது பக்க ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அதே இடம், அதே லென்ஸ், மாற்றி மாற்றி புரோரெஸ் 422-உம் ரா 8:1-உம்.

உட்கார்ந்த இடத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டிலும் அப்பாவின் தாடையில் முளைத்த நரைமுடி ஒவ்வொன்றாகத் தெரிகிறது. டிபன் டப்பா மூடியைத் திறக்கும்போது டியூப்லைட் அதில் ஒரு கோடாக ஓடுகிறது, அந்தக் கோடும் இரண்டிலும் ஒன்றுதான். அண்ணன் சொன்ன மாதிரி கன்னத்துப் பச்சைக்கு இரண்டிலுமே மாஸ்க் போட்டேன்.

கே.ஆர்.புரத்தில் இறங்கும்போதுதான் மாறியது. அப்பா கைப்பிடியைப் பிடித்து, ஒரு கால் வைத்து, நின்று, அடுத்த கால் வைக்கிறார். முட்டி வலி. நான் பின்னாலேயே இறங்கினேன், எதையும் தொட நேரமில்லை. புரோரெஸ்ஸில் வெளியே வந்ததும் அவர் முகம் ஊதா படிந்த நீலமாகிவிட்டது. சூடாக்கினால் சட்டை மஞ்சளாகிறது, முகம் மண்பொம்மை மாதிரி ஆகிறது. இரண்டு மணி நேரம் போராடி ஓரளவு கொண்டுவந்தேன். மறுநாள் ரா-வில் எடுத்த அதே இறக்கத்தில், இறங்கும் இடத்தில் ஷாட்டைப் பிரித்து வெளிப்பகுதிக்கு மட்டும் ஒயிட் பேலன்ஸை மாற்றி, நடுவில் ஒரு டிசால்வ் வைத்தேன். ஐந்து நிமிஷம். அது என் அப்பாவின் தோல் நிறம்தான்.

ரா தோற்ற இடமும் உண்டு. ஊரில் சயனைடு மேட்டை, அதாவது தங்கம் பிரித்தபின் கொட்டிய சுரங்கக் கழிவு மண்மேட்டை, நடுப்பகலில் எடுத்தேன். அந்த வெளிறிய மண் வெயிலில் கண்ணைக் கூசும். திரையில் சரியாகத் தெரிகிறதே என்று விட்டுவிட்டேன். மேட்டின் விளிம்பு முழுக்க எரிந்துவிட்டது, இரண்டு ஃபைலிலும். எரிந்த இடத்தை மீட்கும் ஹைலைட் ரெகவரி போட்டால் அந்த விளிம்பில் இல்லாத இளஞ்சிவப்பு வருகிறது. இனிமேல் எரியும் இடத்தை நிறம் போட்டுக் காட்டும் ஃபால்ஸ் கலர் பார்க்காமல் பட்டனைத் தொட மாட்டேன்.

முடிவு: ரயிலுக்குள் 8:1, வீட்டில் உட்கார்ந்து எடுக்கும் பேட்டிகளுக்கு 12:1. ரயில் 15 மணி, பேட்டி 25 மணி என்று வைத்தால் 5 டிபிக்குள் வருகிறது. எஸ்.பி. ரோட்டில் 8 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினேன், இரண்டிலும் ஒரே நகல்.

முகூர்த்தக் கேமரா:
இறங்கும் ஷாட் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த இடத்தில் ரா சரிதான். கல்யாணத்துக்கு இன்னமும் நான் தொட மாட்டேன், காரணம் முதலிலேயே சொன்னதுதான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: முழுப் படத்தையும் பிராக்ஸியில் (சிறிய நகல் ஃபைல்களில்) வெட்டி முடிக்கும்வரை கலர் பக்கத்தைத் திறக்காதீர்கள். அப்பா இறங்கும் ஷாட்டாக இருந்தாலும் சரி. அதை அழகாக்கிவிட்டால் அப்புறம் வெட்ட மனசு வராது.

கலர்ப்பெட்டி:
அதை நானும் சொல்கிறேன். நகல் எடுக்கும்போது வெறுமனே இழுத்துப் போடாதீர்கள். டாவின்சியில் மீடியா பக்கத்தில் குளோன் டூல் இருக்கிறது, சரிபார்த்தே நகலெடுக்கும். பழைய கேமரா என்கிறீர்கள், டாவின்சியின் முழுப் பதிப்பான ஸ்டூடியோவுக்கான கீ கேமராவோடு வரும், விற்றவரிடம் கேட்டு வாங்கினீர்களா? இலவசப் பதிப்பில் இருட்டில் வரும் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் கிடையாது, இருட்டுப் பெட்டிக்கு அது வேண்டியிருக்கும்.

மாரிக்குப்பம் பையன்:
கீ கேட்டிருக்கிறேன் அக்கா, பெட்டியில் தேடித் தருவதாகச் சொன்னார். அண்ணே, கலர் பக்கத்தைத் திறக்க மாட்டேன், வார்த்தை தருகிறேன். லேப்பல் மைக்கும் வாங்கிவிட்டேன்.

நாளை காலை முதல் நாள் ஷூட்டிங். ஒரு பேட்டரி ஒரு மணி நேரம்கூட முழுசாகத் தாங்குவதில்லை, ஆறு பேட்டரியைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். அப்பா இன்னும் தூங்கவில்லை. நானும் வருகிறேன் என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.