தேன்மொழி வளைகாப்பு 🌸 குடும்பம் மட்டும்

கலா அத்தை: ⏩ பலமுறை பகிரப்பட்டது ▶️ யூடியூப் வீடியோ
"ஞாயிறு கடலூரை விழுங்க வரும் அசுரப் புயல்!! பகிருங்கள்"

கலா அத்தை: எல்லாரும் பாத்துடுங்க. ஞாயித்துக்கிழமை வேணாம்

சரசு: ஐயோ அண்ணி. சமையல்காரருக்கு முன்பணம் குடுத்தாச்சே

கலா அத்தை: நான் அப்பவே பண்ருட்டில வைக்கலாம்னேன்

குமார் மாமா: ஆரம்பிச்சாச்சு

செந்தில்: எனக்கு ஒண்ணுமே வரலியே அத்தை. இங்க பெங்களூர்ல நல்ல வெயில்

கலா அத்தை: உனக்கு எப்படி வரும். எனக்கு காலைலேர்ந்து பத்து வந்துடுச்சு. பத்து பேருமா பொய் சொல்லுவான்?

ரவி சித்தப்பா: அக்கா, பத்து பேர் சொல்லல. நீ முதல் வீடியோவ கடைசி வரைக்கும் பாத்திருப்ப. யூடியூப் அத வச்சு, உனக்கு இதான் வேணும்னு அதே மாதிரி ஒம்பது தள்ளிவிட்டிருக்கு. எல்லாரும் அவங்கவங்க யூடியூப்ப தொறந்து மொதல்ல என்ன வருதுன்னு போடுங்க.

குமார் மாமா: மஞ்சுவிரட்டு

தேன்மொழி: குழந்தைக்கு எண்ணெய் தேய்ச்சு குளிப்பாட்டுறது

செந்தில்: கிரிக்கெட்

சரசு: பட்டுப்புடவை. அண்ணி, நீங்க எடுத்த அரக்கு கலர் மாதிரியே ஒண்ணு வருது, 4,200தான்

கலா அத்தை: எந்தக் கடை

ரவி சித்தப்பா: சரசு அண்ணி கொஞ்சம் இருங்க. பாத்தியா அக்கா? ஒரே குடும்பம், ஆளுக்கு ஒரு உலகம். வானிலைய இதுல பாக்காத. இப்ப அந்த வீடியோவ 0:48ல நிறுத்து. செயற்கைக்கோள் படத்து ஓரத்துல தேதி இருக்கு. 30 நவம்பர் 2024. அது ஃபெஞ்சல் புயல். பழைய படம்.

கலா அத்தை: எழுத்து பொடியா இருக்கு

செந்தில்: பெருசாக்கி அனுப்பிட்டேன்

ரவி சித்தப்பா: இன்னொண்ணு. கடல்ல இப்ப இருக்கறது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. அது தாழ்வு மண்டலமாகி, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, காற்று மணிக்கு 62 கி.மீ. தொட்டாத்தான் புயல். அப்பதான் பேரே வைப்பாங்க. 13 நாடுங்க குடுத்த பட்டியல் முன்னாடியே இருக்கறதால அடுத்த பேரு எல்லாருக்கும் தெரியும், அத எடுத்து இவங்க தலைப்புல போட்டுடறாங்க. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்து அறிக்கைய நானே பாத்தேன். நமக்கு ஞாயிறு கனமழை. கனமழைன்னா 7லேர்ந்து 11 சென்டிமீட்டர். அதிகனமழைன்னா 20க்கு மேல.

குமார் மாமா: வாத்தியார் வாத்தியார்தான்

கலா அத்தை: நீ பேசுவ ரவி. தானே புயல் வந்தப்ப 2011ல தோப்புல ஒரு முந்திரி நிக்கல. அன்னிக்கு யாரும் அசுரப் புயல்னு கத்தல. பயப்படாம என்ன பண்றது

ரவி சித்தப்பா: 🎤 குரல் செய்தி 1:52

ரவி சித்தப்பா: பயப்படாதன்னு சொல்லல அக்கா. அந்தத் தோப்புல நானும்தான் நின்னு அழுதேன். வருஷம் பூரா இப்படிக் கத்தினா, நெஜமா வர்றப்ப யாரும் காதுல வாங்க மாட்டாங்க. எனக்கு அதுதான் பயம்.

கலா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குமார் மாமா: நான் ஒண்ணு சொல்லவா. ஃபெஞ்சல்ல நமக்கு தண்ணி வந்தது மழை விட்ட பிறகு. சாத்தனூர் அணையத் தொறந்தாங்க, தென்பெண்ணை பொங்குச்சு. மேல திருவண்ணாமலைப் பக்கம் எவ்ளோ பேயுது, எத்தன கனஅடி தொறக்கறாங்கன்னு பாக்கணும்

ரவி சித்தப்பா: மாப்ள சரியாச் சொன்னாரு. 1077க்கு அடிச்சு கேக்கலாம், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.

சரசு: அப்ப மாடில பந்தல் போடவா வேணாமா

செந்தில்: தகரக் கொட்டகை?

குமார் மாமா: காத்துல தகரமா. கீழ கூடத்துலயே வைங்க

சரசு: கூடத்துல 60 பேருக்குமேல உக்கார முடியாது. பண்ருட்டிலேர்ந்தே ஒரு வேன் வருது

கலா அத்தை: ரெண்டு வேன்

குமார் மாமா: 😐

ரவி சித்தப்பா: வெள்ளிக்கிழமை மத்தியான அறிக்கை வரட்டும். நான் போடறேன். அதுவரைக்கும் யாரும் எதையும் அனுப்பாதீங்க, புள்ளத்தாச்சி இருக்கா குழுவுல.

தேன்மொழி: சித்தப்பா நான் நல்லாதான் இருக்கேன். எனக்கு புளிசாதம் உண்டா அத சொல்லுங்க

கலா அத்தை: ஏழு சாதமும் உண்டுடி தங்கம். வளையல் 2.4ஆ 2.6ஆ? கை வீங்கியிருக்கான்னு படம் எடுத்து அனுப்பு

கலா அத்தை: ரவி, அந்த ஆய்வு மையத்த எப்படி தொறக்கறது. தனியா அனுப்பு