மதியம் மட்டும் நின்றுபோகும் கார்: எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் போடலாமா?

பாளைக்காரன்:

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 1996 மாடல், 800 சிசி, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) உள்ள கார். அப்பா வாங்கியது, விற்க மனம் வரவில்லை, விற்றாலும் வாங்க ஆளில்லை. காலையில் பாளையங்கோட்டையிலிருந்து தென்காசிக்குக் கிளம்பினால் ஒரு குறையும் இல்லாமல் போகிறது. சித்திரை வெயிலில் மதியம் திரும்பும்போதுதான் வினை. ஆலங்குளம் கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்துவிட்டு வெளியே வந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுவை இருக்காது. இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றுவிடும். பானெட்டைத் திறந்துவைத்து அரைமணி நேரம் நிழலில் நின்றால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடும்.

ஜங்ஷனில் பழைய உதிரிப்பாகம் விற்கும் ஒருவர், "இன்ஜினில் இருக்கும் மெக்கானிக்கல் பம்பைக் கழற்றிப் போடுங்கள், எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உள்ள) வண்டியின் எலெக்ட்ரிக் பம்ப் ஒன்று கைவசம் இருக்கிறது, மலிவாகத் தருகிறேன்" என்கிறார். வீட்டு ஷெட்டில் நானே மாட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், மல்டிமீட்டரும் இருக்கிறது. வாங்கலாமா?

வண்ணாரப்பேட்டை ஃபோர்மேன்:

வாங்காதீர்கள், தம்பி. கார்புரேட்டருக்கு வேண்டியது மூன்று பி.எஸ்.ஐ. அளவு அழுத்தம். எம்.பி.எஃப்.ஐ. பம்ப் தள்ளுவது நாற்பதுக்கு மேல். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரின் வாயை அடைக்கும் நீடில் வால்வு அந்த வேகத்துக்கு மூடி நிற்காது. பெட்ரோல் பொங்கி வழியும். வழிவது சூடான இன்ஜின் மேல். அதற்குப் பிறகு வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்ற கவலையே உங்களுக்கு இருக்காது.

எதையும் மாற்றுவதற்கு முன், நிற்கிற இடத்தில் வைத்தே நோயைக் கண்டுபிடியுங்கள். அடுத்த முறை நின்றவுடன் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால், டேங்குக்குக் காற்று போகும் துளை அடைத்திருக்கிறது, பம்ப் நிரபராதி. அப்படி இல்லையென்றால் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, இன்ஜினை ஆஃப் செய்த நிலையிலேயே கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்துக்கொண்டு ஆக்சிலேட்டர் லீவரைக் கையால் ஒரு இழுப்பு இழுங்கள். நூல்போல மெல்லிய பெட்ரோல் தாரை பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் பெட்ரோல் வந்திருக்கிறது. சந்தேகத்தை, பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் பக்கம் திருப்புங்கள். சூட்டில் செத்து, ஆறினால் உயிர்க்கிற காயில்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டறைக்காரர்கள் பலர் இந்த இடத்தில்தான் அநியாயமாகப் பம்பை மாற்றுகிறார்கள். தாரை வரவில்லை என்றால்தான் பம்ப், ஹோஸ், ஃபில்டர் என்று போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து, இன்ஜின் ஆறிய பிறகு: காயிலின் மெல்லிய வயரைக் கழற்றிவிடுங்கள், பொறி வரக் கூடாது. கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டுப் பலமாகப் பாய வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்தும் பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால், அளவும் கூடியிருந்தால், பம்புக்குள் பெட்ரோலைத் தள்ளும் சவ்வான டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டாதீர்கள்.

இதையெல்லாம் வெட்டவெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, ஷெட் தரையில் படிந்து கிடக்கும்.

உவரிக் கடற்கரை:

ஃபோர்மேன் அண்ணாச்சி சொல்வது சரி. ஆனாலும் எலெக்ட்ரிக் பம்ப் என்றாலே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அம்பாசடரில் கார்புரேட்டருக்கென்றே வருகிற குறைந்த அழுத்தப் பம்பை மாட்டி ஓட்டுகிறேன். இன்ஜினோடு ஒட்டியிருக்கும் பம்ப், பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, அதனால் சூட்டில் அங்கே சீக்கிரம் ஆவி கட்டும். எலெக்ட்ரிக் பம்பை டேங்குக்குப் பக்கத்தில், அதன் அடிமட்டத்தை ஒட்டி மாட்டினால் அது தள்ளுகிறது; தள்ளுகிற குழாயில் ஆவி அவ்வளவு எளிதில் கட்டாது. ஃபில்டர் பம்புக்கு முன்னால் வர வேண்டும். பழைய பம்ப் இருந்த துளையைத் தகடும் பேக்கிங்கும் வைத்து மூட வேண்டும், இல்லையென்றால் ஆயில் கொட்டும்.

கரண்டைச் சாவியிலிருந்து நேராகக் கொடுக்காதீர்கள். ஃபியூஸ், ரிலே, அதோடு ஆயில் அழுத்தம் இருக்கும்போது மட்டும் கரண்ட் விடுகிற ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கொடுங்கள். விபத்தில் இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் அழுத்தம் ஏறியிருக்காது; அந்த நேரத்துக்கு மட்டும் செல்ஃப் வயரிலிருந்து தனி இணைப்பு.

மாட்டிய புதிதில் என் பம்ப் முனகியது. பாட்டரியில் 12.6 வோல்ட், பம்பின் முனையில் 10.4 தான். எங்கள் ஊர்க் கடல்காற்றில் எர்த் போல்ட்டின் அடியில் துரு பூத்திருந்தது. பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் முறுக்கியதும் சத்தமே மாறிவிட்டது. அதனால் எலெக்ட்ரிக் பம்ப் வைத்திருப்பவர்கள் பம்பைக் குறை சொல்லும் முன், அது ஓடும்போதே வோல்டேஜைப் பாருங்கள்.

பாளைக்காரன்:

அண்ணாச்சி, நேற்று மதியம் சொல்லிவைத்ததுபோல் ஆலங்குளம் தாண்டி நின்றது. டேங்க் மூடியில் சத்தம் இல்லை. கார்புரேட்டரில் தாரை வரவில்லை. டிப் ஸ்டிக்கில் வாடையும் இல்லை.

இன்று காலை, ஆறிய இன்ஜினில் பாட்டில் சோதனை செய்தேன், நன்றாகவே பாய்ந்தது. பிறகு இரும்புக் குழாயிலிருந்து பம்புக்கு வரும் சின்ன ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். அழுத்தினால் அப்படியே அமுங்குகிறது. கழற்றி பிளேடால் நீளவாக்கில் பிளந்தால், உள்தோல் உப்பி, ஒரு பக்கம் உரிந்து நாக்குபோல் தொங்குகிறது. வெளியே பார்க்கப் புதிதுபோல்தான் இருந்தது.

வண்ணாரப்பேட்டை ஃபோர்மேன்:

பிடித்துவிட்டீர்கள். சூட்டில் இன்னும் இளகி, பம்ப் உறிஞ்சும்போது சப்பென்று ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் விறைத்துத் திறக்கும். 1996இல் செய்த ரப்பர், இன்றைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது அல்ல. டேங்க் பக்கத்து ஹோஸ், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாயின் ஹோஸ், கார்புரேட்டர் ஹோஸ் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள், கிளிப்புகளோடு. ஃபில்டரும் மாற வேண்டும். உரிந்த ரப்பர் அதில்தான் போய் அடைந்திருக்கும். பம்ப் இருக்கட்டும், நன்றாக இருப்பதை எதற்குக் கழற்ற வேண்டும்? அதற்குப் பிறகும் மதியத்தில் நின்றால் உவரிக்காரர் சொன்ன வழிக்குப் போகலாம்.

பாளைக்காரன்:

எந்த ஹோஸ் என்று கேட்டு வாங்குவது? கடையில் கண்ணாடிபோல் இருக்கும் பிளாஸ்டிக் குழாயை எடுத்துக் காட்டுகிறார்கள்.

உவரிக் கடற்கரை:

அது வேண்டவே வேண்டாம், சில மாதத்தில் விறைத்து வெடித்துவிடும். கறுப்பு ரப்பர் ஹோஸில் 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' (SAE J30 R9) என்று பெட்ரோல் ஹோஸுக்கான தரக்குறி அச்சிட்டிருக்கும், அதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய் உள்அளவு பொருத்திப் பாருங்கள்.